பவுலின் ஏழு வரிகளும் ஆலய வாசலின் மூன்று கேள்விகளும்

ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, புதிதாக வந்திருப்பவரிடம் நாம் வழக்கமாகக் கேட்பவை மூன்று கேள்விகள். "சொந்த ஊர் எது?" "அப்பா என்ன பண்றாங்க?" "நீங்க எங்க வேலை பார்க்கிறீங்க?" இரண்டு நிமிஷத்தில் அவரை எந்தப் படியில் வைக்கலாம் என்று மனசு கணக்குப் போட்டுவிடும். முதல் கேள்விக்குள் சாதி ஒளிந்திருக்கிறது என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். சற்று முன்புதான் இருவரும் ஒரே திருவிருந்துப் பந்தியில் முழங்கால்படியிட்டிருப்பார்கள்.

இந்த மூன்று கேள்விகளுக்கும் பவுல் ஒருமுறை வரிசையாகப் பதில் எழுதியிருக்கிறார். பிலிப்பியர் நிருபம் மூன்றாம் அதிகாரம், ஐந்தாம் ஆறாம் வசனங்கள். அந்த வரிகளை நாம் எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம். ஆனால் அவை எந்த ஊருக்கு எழுதப்பட்டன என்று தெரிந்துகொண்டு படித்தால் அவற்றின் கூர்மையே வேறு.

பிலிப்பி கிரேக்க நாட்டுப் பகுதியில் இருந்தாலும் ரோமக் குடியேற்றம். கி.மு. 42-ல் அந்த ஊருக்கு வெளியேதான் ஜூலியஸ் சீசரைக் கொன்ற புரூட்டஸும் காசியஸும் தோற்றார்கள். போர் முடிந்ததும் ரோமப் படையிலிருந்து ஓய்வுபெற்ற வீரர்களுக்கு அங்கே நிலம் கொடுத்துக் குடியமர்த்தினார்கள். ஊர்க் கல்வெட்டுகளில் பெரும்பகுதி லத்தீனில் இருக்கிறது. அவற்றில் ஒரு மனிதனின் பெயருக்குப் பின்னால் அவன் எந்த ரோமக் கோத்திரத்தில் பதிவானவன் என்பது வரும். பிலிப்பிக்காரர்களுக்கு அது வோல்டீனியா. கல்லில் வி, ஓ, எல் என்று மூன்றே எழுத்து. அதற்குப் பின் அவன் வகித்த பதவிகள் ஒன்றன்பின் ஒன்றாக. செத்த பிறகும் வழிப்போக்கன் நின்று வாசித்து, இவன் எவ்வளவு தூரம் ஏறினவன் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த ஊர்ச் சபைக்குத்தான் பவுல் தன்னுடைய கல்வெட்டை எழுதிக் காட்டுகிறார். எட்டாம் நாளில் விருத்தசேதனமடைந்தவன். இஸ்ரவேல் வம்சத்தான். பென்யமீன் கோத்திரத்தான். எபிரெயரில் பிறந்த எபிரெயன். நியாயப்பிரமாணத்தின்படி பரிசேயன். பக்திவைராக்கியத்தின்படி சபையைத் துன்பப்படுத்தினவன். நியாயப்பிரமாணத்திற்குரிய நீதியின்படி குற்றஞ்சாட்டப்படாதவன்.

எண்ணிப் பாருங்கள், ஏழு. முதல் நான்கும் பிறப்பால் வந்தவை; அவர் கேட்டு வாங்கியவை அல்ல. பின் மூன்றும் உழைத்துச் சேர்த்தவை. நம் ஊர்த் திருமண விளம்பரத்தின் அமைப்பும் இதுதான்: முதலில் பிரிவு, குடும்பம், ஊர், பிறகு படிப்பு, வேலை, சம்பளம். "கிறிஸ்தவர்" என்ற சொல்லும் அந்த வரிசையில் ஒன்றாக நிற்கும். மற்ற வரிகளை அது கேள்வி கேட்காது.

இந்தப் பட்டியலில் பாவம் என்று எதையும் பவுல் எழுதவில்லை. சபையைத் துன்பப்படுத்தியதைக்கூட அன்றைக்கு அவர் சேர்த்து வைத்திருந்த புண்ணியமாகத்தான் இங்கே வைக்கிறார். "கெட்ட பழக்கத்தையெல்லாம் விட்டுவிட்டேன்" என்ற சாட்சி இது இல்லை. நல்லவை, மதிப்புள்ளவை, ஊர் மெச்சுகிறவை ஏழு. அதோடு ஏழுமே பக்தி சார்ந்தவை. பணத்தையும் வீட்டையும் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. இன்றைய தமிழ்ச் சபைக்கு மாற்றி எழுதினால் மூன்றாம் தலைமுறைக் கிறிஸ்தவன், தாத்தா உபதேசியார், பெரியப்பா குருவானவர், பாஸ்டரேட் கமிட்டி உறுப்பினர், இருபது வருஷமாகப் பாடகர் குழு என்று போகும்.

பிறகு வியாபாரிகளின் மொழிக்கு மாறுகிறார்: "ஆகிலும், எனக்கு லாபமாயிருந்தவைகளெவைகளோ அவைகளைக் கிறிஸ்துவுக்காக நஷ்டமென்று எண்ணினேன்." லாபம், நஷ்டம் இரண்டுமே கணக்குப் புத்தகச் சொற்கள். ஏழு வரிகளையும் கிழித்துப் போடவில்லை. வரவுப் பக்கத்திலிருந்து பற்றுப் பக்கத்துக்கு மாற்றி எழுதுகிறார். ஏன் நஷ்டம்? அவற்றை நம்பியே தேவனுக்கு முன்பாக நிற்கலாம் என்று தோன்றவைத்ததுதான் அவற்றின் ஆபத்து. அடுத்து அவர் ஆசைப்படுவது, கிறிஸ்துவுக்குள் இருப்பவனென்று காணப்படுவது. 'காணப்படும்படி' என்ற சொல்லைக் கவனியுங்கள். யாராவது என்னைத் தேடி வந்தால் நான் எங்கே அகப்படுவேன் என்பதுதான் அடையாளம் பற்றிய கேள்வி. ஆபீஸ் நாற்காலியிலா, அப்பாவின் பெயருக்குப் பின்னாலா, அவருக்குள்ளா?

இதற்கு முந்தின அதிகாரத்தில் கிறிஸ்துவைப் பற்றி எழுதும்போது பிலிப்பிக் கல்வெட்டுகளின் வரிசையை அப்படியே தலைகீழாக்கி வைத்திருக்கிறார். தேவனுடைய ரூபமாயிருந்தவர், அடிமையின் ரூபம், மனுஷர் சாயல், மரணம், அதுவும் சிலுவையின் மரணம். ஏறுவதையே கல்லில் வெட்டிப் பழகின ஊருக்கு இறங்குகிற வரிசையை எழுதி அனுப்பினார். சிலுவை மரணம் ரோமக் குடிமக்களுக்கு வழக்கமாக விதிக்கப்படாத தண்டனை. அடிமைகளுக்கு உரியது என்றே கருதப்பட்டது. கேட்டவர்களுக்கு அது எப்படிச் சுட்டிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

அப்படியானால் அந்தஸ்தைத் தூக்கி எறிந்துவிட வேண்டுமா? அதே பிலிப்பியில் நடந்த சம்பவம் இதற்குப் பதில் சொல்கிறது. அப்போஸ்தலர் 16-ல் பவுலையும் சீலாவையும் வஸ்திரங்களைக் கிழித்து, பிரம்பால் அடித்து, கால்களைத் தொழுமரத்தில் மாட்டிவைக்கிறார்கள். ரோமக் குடிமகனை விசாரணையில்லாமல் அடிப்பது குற்றம். முதல் அடி விழுவதற்கு முன்பே பவுல் தன் குடியுரிமையைச் சொல்லியிருந்தால் முதுகு தப்பியிருக்கும். அவர் அதைச் சொன்னதாக லூக்கா எழுதுவது மறுநாள் காலையில்தான், "சத்தமில்லாமல் போய்விடுங்கள்" என்று அதிகாரிகள் ஆளனுப்பினபோது. அவர்களே நேரில் வந்து வெளியே விடட்டும் என்று நிற்கிறார். வந்தார்கள். பிறகு நேராக லீதியாளின் வீட்டுக்குப் போய்ச் சகோதரரைக் கண்டு ஆறுதல் சொல்லிவிட்டுத்தான் ஊரைவிட்டுப் புறப்படுகிறார். இரத்தாம்பரத் துணி வியாபாரியான அந்த லீதியாள், ஒரு சிறைக்காவலன், அவன் வீட்டார் என்று முளைவிட்டிருந்த சபையை இனி அதிகாரிகள் தொடுமுன் யோசிப்பார்கள். இந்தச் சபைக்காகத்தான் அவர் குடியுரிமையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார் என்று நான் படிக்கிறேன்.

இதை வைத்து ஒரு மணி நேரத்தில் செய்யக்கூடிய பயிற்சி ஒன்று இருக்கிறது. ஒரு முழுத்தாளை நடுவில் மடித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் பிறப்பால் வந்தவை, வலப்பக்கம் உழைப்பால் வந்தவை. இரண்டும் சேர்த்து ஏழு வரிக்கு மேல் எழுதக் கூடாது. இந்தக் கட்டுப்பாடு முக்கியம், ஏனென்றால் எதை விட்டுவிட மனசு வரவில்லையோ அதுதான் நம்மைத் தாங்கிக்கொண்டிருக்கும் தூண். எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரிக்கு எதிராகவும் இரண்டு கேள்வி: நாளைக்கு இது போய்விட்டால் என்னை நானே எப்படி அறிமுகப்படுத்திக்கொள்வேன்? பவுல் குடியுரிமையைப் பயன்படுத்தியதுபோல, இதை யாருக்காகப் பயன்படுத்தலாம்? இரண்டாவது கேள்விக்கு ஆள் பெயரோடு பதில் எழுத வேண்டும். "ஏழைகளுக்காக" என்று எழுதினால் ஒன்றும் நடக்காது.

இது எங்கே கெட்டுப்போகும் என்றால், பலர் ஏழு பாவங்களை எழுதிவிடுவார்கள். அது பாவ அறிக்கை. நல்லதுதான், ஆனால் இந்தப் பயிற்சி அது இல்லை. இன்னும் சிலர் "என்னிடம் பெருமைப்பட ஒன்றுமே இல்லை" என்று வெறும் தாளோடு எழுந்திருப்பார்கள். அவர்கள் பிள்ளைகளின் மார்க்கையும் மருமகனின் வேலையையும் எழுதிப் பார்க்கட்டும். அவமானமும் அடையாளமாக இறுகிப்போகும்: "நான் படிக்காதவன்", "நாங்க அந்தத் தெரு ஆளுங்க", "வேலை போனவன்". ஊர் ஒட்டின அந்தச் சீட்டையும் இதே தாளில் எழுதி, இதே கேள்விகளைக் கேட்க வேண்டும். கிறிஸ்துவுக்குள் காணப்படுகிறவனுக்கு மெடல் எவ்வளவு வெளியே நிற்கிறதோ அந்தச் சீட்டும் அவ்வளவு வெளியே நிற்கிறது.

தாளில் எழுதக் கூச்சப்பட்டு எல்லோரும் விட்டுவிடும் வரி ஒன்று உண்டு, சாதி. கல்கத்தா பேராயராக இருந்த டேனியல் வில்சன் 1833-ல் தென்னிந்திய சபைகளுக்கு எழுதிய கடிதத்தில், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே, முற்றாகக் கைவிட வேண்டும் என்று கட்டளையிட்டார். ஆலயத்தில் தனித்தனி இடம், திருவிருந்தில் யார் முந்தி யார் பிந்தி என்பதெல்லாம் அப்போது பிரச்சினை. ஒத்துக்கொள்ளாமல் பலர் சபையை விட்டே போனார்கள். அதற்குப் பின் இரண்டு நூற்றாண்டு ஆகப்போகிறது. இன்றும் கல்லறைத் தோட்டத்தில் நடுச்சுவர் இருக்கிற ஊர்கள் நம்மிடம் உண்டு. ஞானஸ்நானம் பெற்றவர்கள் கிறிஸ்துவைத் தரித்துக்கொண்டார்கள், யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை என்று கலாத்தியர் மூன்றாம் அதிகாரத்தை வாசித்துவிட்டு அந்தச் சுவரைத் தாண்டிப் போய் அடக்கம் பண்ணுகிறோம். இதை விட்டுவிட்டு அடையாளத்தைப் பற்றி நம் சபையில் பேசுவது எனக்குப் பொய்யாகப் படுகிறது.

இனி அழைப்பு.

நம்மிடையே இந்தச் சொல் குறுகிப்போய்விட்டது. "அவருக்கு அழைப்பு இருக்கு" என்றால் வேலையை விட்டுவிட்டு 'முழுநேர ஊழியத்துக்கு' வந்துவிட்டார் என்று அர்த்தம். அப்படியானால் தையல்காரரும் செவிலியரும் பஸ் ஓட்டுநரும் பகுதிநேரக் கிறிஸ்தவர்களா? பவுல் 1 கொரிந்தியர் ஏழாம் அதிகாரத்தில் அழைப்பைப் பற்றிப் பேசும்போது, முதலில் அது கிறிஸ்துவிடம் வரும்படியான அழைப்பு. அந்த அழைப்பு வந்தபோது அவனவன் எந்த நிலைமையில் இருந்தானோ அந்த நிலைமையிலேயே தேவனுக்கு முன்பாக நிலைத்திருக்கலாம் என்கிறார். சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார். துறவிக்கும் குருவுக்கும் மட்டும் வழங்கிவந்த அழைப்பு என்ற சொல்லைச் செருப்புத் தைப்பவனுக்கும் வீட்டு வேலைக்காரிக்கும் பொதுவாக்கினார். ஜெர்மன் மொழியில் இன்றும் தொழிலைக் குறிக்கும் 'பெரூஃப்' என்ற சொல்லுக்கு வேர் 'அழைத்தல்'தான்.

ஆனால் இந்த வசனத்தை அரைகுறையாக வாசித்தால் பெரிய அநியாயமாகும். "இருக்கிற இடத்திலேயே இரு" என்று ஒடுக்கப்பட்டவனிடம் சொல்ல அதைப் பயன்படுத்தியவர்கள் உண்டு. அடுத்த வசனத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டும். அடிமைக்கு விடுதலையாக வாய்ப்பு வந்தால் அதை நலமென்று எண்ணிக்கொள்ளச் சொல்கிறார் பவுல்.

இன்னொரு பக்கம், ஆசைப்பட்ட எதற்கும் அழைப்பு என்று பெயர் சூட்டுவதும் நடக்கிறது. "கர்த்தர் கதவைத் திறந்தார்" என்று சாட்சி சொன்னால் அதற்குமேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. 2 கொரிந்தியர் இரண்டாம் அதிகாரத்தில், துரோவாவில் கர்த்தராலே கதவு திறக்கப்பட்டிருந்தும் பவுல் அங்கே தங்கவில்லை. தீத்துவைக் காணாததால் ஆவிக்கு அமைதியில்லாமல் மக்கெதோனியாவுக்குப் போய்விட்டார். திறந்த கதவு ஒரு வாய்ப்பு; அதில் நுழைந்தே ஆகவேண்டும் என்ற கட்டளை இல்லை. "உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்" என்று புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையில் வருவதையும் இப்படித்தான் பதவி உயர்வுச் சீட்டாக வாசித்துவிடுகிறோம். உபாகமம் 28-ல் அந்த வாக்கு ஒரு முழு ஜனத்துக்கு, நிபந்தனையோடு சொல்லப்பட்டது.

ஆசையையும் அழைப்பையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரிந்து மிகத் துல்லியமான கருவி, இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியாரிடமிருந்து வருவது. சீர்திருத்த சபையில் வளர்ந்தவர்களும் தயங்காமல் கற்றுக்கொள்ளலாம். 1521-ல் பாம்ப்லோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு பட்டு அவருக்குக் கால் உடைந்தது. சொந்த ஊரான லொயோலாவில் மாதக்கணக்கில் படுக்கை. வாசிக்க வீரசாகசக் கதை கேட்டார். வீட்டில் இருந்தது கிறிஸ்துவின் வரலாறும் பரிசுத்தவான்கள் வரலாறும்தான். படுத்தபடியே இரண்டு வகையான கனவுகளில் மிதந்தார். ஒன்று, உயர்குலப் பெண் ஒருத்திக்காகத் தான் செய்யப்போகும் வீரச் செயல்கள். மற்றொன்று, அந்தப் பரிசுத்தவான்களைப் போல எருசலேமுக்கு வெறுங்காலோடு நடந்துபோவது. நினைக்கும் நேரத்தில் இரண்டுமே இனித்தன. வித்தியாசம் பின்னால் தெரிந்தது. முதலாவது போனபின் மனசு வறண்டு கிடந்தது. இரண்டாவது போனபின்னும் சந்தோஷம் தங்கியிருந்தது.

இதை இப்படிப் பயன்படுத்தலாம். எடுக்கப்போகும் முடிவை ஒரு நோட்டில் எழுதி, முப்பது நாள், ஒரு நாளுக்குப் பதினைந்து நிமிஷம், இரவில், ஜெபத்துக்குப் பின் அதைப் பற்றி யோசியுங்கள். யோசிக்கிற நேரத்தில் வருகிற உற்சாகத்தைக் குறிக்க வேண்டாம். மறுநாள் காலை எழுந்ததும் மிச்சமிருப்பதை மட்டும் ஒரு வரியில் குறியுங்கள்: அமைதியா, வறட்சியா, பதற்றமா. மாதக் கடைசியில் முப்பது வரியையும் ஒன்றாக வாசித்தால் போக்கு தெரியும். அவர் வகுத்த இன்னொரு விதியும் இதோடு சேர வேண்டும்: மனம் இருண்டு கிடக்கும் நாட்களில் முன்பு தெளிவாக எடுத்த முடிவை மாற்றக் கூடாது. கன்வென்ஷன் கடைசி இரவில் கைதூக்கி வேலையை ராஜினாமா செய்தவர்களுக்கும், மேலதிகாரி திட்டின மறுநாள் "எனக்கு ஊழிய அழைப்பு" என்று சொல்கிறவர்களுக்கும் இந்த ஒரு மாதம் பெரிய தயவு.

நோட்டு மட்டும் போதாது. மனசு தன்னையே ஏமாற்றும். அப்போஸ்தலர் 13-ல் பர்னபாவையும் சவுல் என்ற பவுலையும் ஊழியத்துக்கென்று பிரித்துவிடும்படி ஆவியானவர் சொன்னது அந்தியோகியா சபையார் கூடியிருந்தபோது. அவர்கள் உபவாசித்து, ஜெபம்பண்ணி, கைவைத்து அனுப்பினார்கள். ஆகவே மூன்று பேரிடம் கேளுங்கள். ஒருவர், உங்கள் முடிவால் லாபமோ நஷ்டமோ இல்லாத மூத்த விசுவாசி. ஒருவர், உங்களுக்குக் கீழே வேலை பார்த்தவர். மேலே இருந்தவரின் நற்சான்று எளிதாகக் கிடைக்கும், கீழே இருந்தவரின் சொல்தான் குணத்தைக் காட்டும். மூன்றாமவர் வீட்டிலிருப்பவர். "நான் போகலாமா?" என்று கேட்டால் ஆசீர்வாதம் சொல்லி அனுப்பிவிடுவார்கள். "இந்த வேலையை நான் செய்து யாருக்காவது பிரயோஜனம் ஆனதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா, எப்போது, யாருக்கு?" என்று கேளுங்கள். மூவருக்கும் ஒரு உதாரணமும் ஞாபகத்துக்கு வரவில்லையென்றால் காத்திருக்கலாம். வீட்டுக் கடன், வயதான தாய் தகப்பன், பிள்ளைகள் படிப்பு ஆகியவை அழைப்புக்குக் குறுக்கே நிற்கும் தடைகள் இல்லை. அவையும் அதே கையிலிருந்து வந்தவை.

பெயர் வராமல் செய்கிற வேலை ஒன்றும் வேண்டும். நம் ஆலயங்களில் டியூப்லைட்டில்கூட 'உபயம்' என்று எழுதி, வெளிச்சம் பாதி மறைந்திருக்கும். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு தேங்காய் ஆயிரக்கணக்கில் போகும். யார் கேட்டது என்று ஒலிபெருக்கியில் சொல்வார்கள். மலைப்பிரசங்கத்தில் வலதுகை செய்வது இடதுகைக்குத் தெரியாதிருக்கட்டும் என்ற கட்டளை இதற்காகவே இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரே ஒரு வேலை, யாருக்கும் தெரியாமல்: படுக்கையில் கிடக்கும் ஒருவரின் மருந்துச் செலவு, ஆலயக் கழிப்பறை சுத்தம், பாட்டுப் புத்தகங்களுக்கு அட்டை ஒட்டுவது. இரண்டாம் மாதத்தில் எப்படியாவது யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு துடிக்கும். அந்தத் துடிப்பு எவ்வளவு என்பதை அந்த நோட்டிலேயே எழுதி வைக்கலாம்.

திறமையே போய்விட்டால் அழைப்பு என்னவாகும் என்ற கேள்விக்கு மேரி வர்கீஸின் வாழ்க்கையைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. கொச்சியில் பிறந்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்தவர். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பது அவர் எண்ணம். 1954 ஜனவரியில் நடந்த வாகன விபத்தில் தண்டுவடம் நசுங்கி இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனது. முகத்திலும் காயம். அறுவை மருத்துவர் என்றால் மேசைக்கு அருகே மணிக்கணக்கில் நிற்பவர் என்பதே பொதுவான எண்ணம். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றிப் பொருத்தி நிமிர்த்தும் சிகிச்சையை அப்போது வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் செய்துகொண்டிருந்தார். கை அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்துதான் செய்வார்கள். நோயாளியின் கையைச் சின்ன மேசையில் நீட்டிவைத்து, மருத்துவர் ஸ்டூலில் உட்காருவார். ஸ்டூலுக்குப் பதில் சக்கர நாற்காலி இருந்தால் என்ன? மேரி வர்கீஸ் அப்படியே மறுபடியும் கத்தியைப் பிடித்தார். பிற்பாடு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் வேலூரில் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வு மையம் அவர் தலைமையில் திறக்கப்பட்டது. 1972-ல் பத்மஸ்ரீ வந்தது.

நான் அடிக்கடி நினைப்பது அந்த விருதை அல்ல, அவர் நிமிர்த்திக் கொடுத்த கைகளை. சிகிச்சை முடிந்தவர்கள் ஊருக்குப் போனால் வேலை கொடுக்க ஆளில்லை. அதனால் வேலூர் வளாகத்தில் புதுவாழ்வு மையம் (New Life Center) என்று சில குடிசைகள் போட்டு, அங்கே தச்சுவேலை கற்றுக்கொடுத்தார்கள். விரல் நிமிர்ந்தாலும் உணர்ச்சி திரும்பாது. சுத்தியல் பிடி கொப்புளம் போட்டாலும், ஆணி கிழித்தாலும் அவர்களுக்குத் தெரியாது. கவனிக்காமல் விட்டால் அந்தக் காயமே விரலைத் தின்றுவிடும். அதனால் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் வெளிச்சத்தில் இரண்டு கைகளையும் விரித்து, உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு என்று ஒவ்வோரிடமாகக் கண்ணாலேயே தேடிப் பார்க்கப் பழக்குவார்கள். சிவந்த இடம் தெரிந்தால், மறுநாள் அந்தக் கருவியின் பிடிக்குத் துணி சுற்றிவிட்டுத்தான் வேலை.